பருத்தித் தோட்டத்து இளவரசர் தமிழ் பேசினார்

எண்பதுகளின் பிற்பாதியில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கி அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட நிறையவில்லை. கிங்ஸ்பரியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நானும் கணவரும் இருந்தோம். காலை ஷிப்டுக்கு பஸ் பிடித்துப் போய், வெள்ளைக் கோட்டும் தலைவலையும் மாட்டிக்கொண்டு பெல்ட்டின் ஓரத்தில் நின்றால், ஓடிவரும் ஒவ்வொரு தட்டிலும் ஒரு சின்ன பனிஸ் ரொட்டியும் ஒரு வெண்ணெய்க் கட்டியும் வைக்க வேண்டும். கைக்கு ஓயாத வேலை, தலைக்கு ஒரு வேலையும் இல்லை. பல்கலைக்கழகத்தில் நாடகம் எழுதி, நடித்து, அதற்காக வீட்டில் ஏச்சு வாங்கியவள் நான். தலை சும்மா இருப்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

எனக்கு அடுத்து நின்றவர் சியராலியோனிலிருந்து வந்தவர். நாற்பதைத் தாண்டிய, நெடிய, ஒல்லியான மனிதர். நான் வைத்த பனிஸுக்குப் பக்கத்தில் கரண்டிப் பொட்டலத்தை வைப்பது அவர் வேலை. அந்த பெல்ட்டில் பாதிப்பேர் தமிழர் என்பதால் எங்கள் பேச்சு அவர் காதில் ஏறியிருந்தது. முதல் நாளே என்னைப் பார்த்து, "தங்கச்சி, கெதியா, கெதியா. சூப்பர்வைசர் வாறார்" என்றார். நான் திகைத்துப்போய்ச் சில தட்டுகளை வெறுமையாக விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணை.

ஒருநாள் தேநீர் இடைவேளையில், பல்கலைக்கழக மேடையில் நான் ராணி வேடம் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கோப்பையை ஊதிக் குடித்தபடி ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்கள் நாடகத்தில் அரசர்கள் என்ன செய்வார்கள்?"

"சண்டை பிடிப்பார்கள், முடி சூடுவார்கள், சாவார்கள்."

"பருத்தி பறித்த ஒரு இளவரசரை எனக்குத் தெரியும்" என்றார் அவர். அதோடு மணி அடித்துவிட்டது.

அன்று முழுவதும் நான் என்ன வைத்தேன், எந்தத் தட்டில் வைத்தேன் என்று தெரியாது. அடுத்த இடைவேளைக்கு முதல் ஆளாகக் கன்டீனுக்குப் போய் அவருக்கும் சேர்த்துத் தேநீர் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அப்படி, மணிக்கும் மணிக்கும் இடையில் துண்டு துண்டாக, அந்தக் கதை என்னிடம் வந்தது.

இருநூறு வருடங்களுக்கு முந்திய உண்மைக் கதை. கினி மலைநாட்டில் புலானி மக்களின் அரசருக்கு ஒரு மகன். அண்ணையும் அந்த மக்களைச் சேர்ந்தவர்தான். அந்த மகன் பெரிய நகரத்துக்குப் போய் அரபு படித்தவன், திரும்பி வந்து தகப்பனின் குதிரைப் படைக்குத் தலைவன் ஆனவன். ஒரு போரில் வென்று திரும்பும் வழியில் எதிரிகள் மலையிடுக்கில் மறைந்திருந்து அவனைப் பிடித்தார்கள். கடற்கரைக்கு நடத்திப் போய் அடிமைக் கப்பலுக்கு விற்றார்கள். கப்பல் அமெரிக்காவுக்குப் போனது. மிசிசிப்பி ஆற்றோரத்தில் பருத்தித் தோட்டம் வைத்திருந்த தோட்டக்காரன் ஒருவன் அவனை வாங்கினான்.

"நான் அரசனின் மகன், என்னைத் திருப்பி அனுப்பினால் என் தகப்பன் பொன் தருவார் என்று இளவரசர் சொன்னார்" என்றார் அண்ணை. "தோட்டக்காரன் சிரித்தான். அப்படியென்றால் உன் பெயரே இனி இளவரசன்தான், போய் நிலத்தைக் கொத்து என்றான். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, அவருடைய நீண்ட தலைமயிரைப் பிடித்து வெட்டுவித்தான்."

"அவர் என்ன செய்தார்?"

மணி.

அன்று வீடு திரும்பும்போது நான் இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன். கணவர் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை முடித்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, அவரை மறித்து வைத்துக் கதை சொல்லத் தொடங்கிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்கிறவர்.

"பிறகு என்ன நடந்தது?" என்றார்.

"நாளைக்குத்தான் தெரியும்."

"அப்ப நாளைக்கு லீவு கீவு போட்டிடாதையும்" என்றார். அவருக்கும் பிடித்துக்கொண்டது.

இளவரசர் காட்டுக்குள் ஓடினார். பல வாரம் ஒளிந்து திரிந்தார். இடையில் கடல் கிடக்கிறது, எந்தப் பக்கம் ஓடினாலும் ஊர் வராது என்று அங்கேதான் அவருக்கு விளங்கியது. ஒருநாள் தானாகவே தோட்டத்துக்குத் திரும்பி வந்தார். தோட்டக்காரன் வீட்டில் இல்லை, மனைவி மட்டும் இருந்தாள். எல்லோரும் பயந்து நிற்க, இளவரசர் அவள் முன்னால் நிலத்தில் படுத்து, அவள் பாதத்தை எடுத்துத் தன் கழுத்தின் மேல் வைத்தார். தோற்றுப்போன வீரன் தன்னை வென்றவரிடம் உயிரை ஒப்படைப்பது அவருடைய மக்களிடம் அப்படித்தானாம். அதன்பிறகு நாற்பது வருடம் அந்தத் தோட்டத்தில் பாடுபட்டார். கலியாணம் செய்தார், பிள்ளைகள் பெற்றார். சந்தையில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஒருநாள், குதிரையில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். முன்னொரு காலத்தில் ஆப்பிரிக்கக் காட்டில் வழிதவறிச் சாகக் கிடந்து, இளவரசரின் தகப்பன் வீட்டில் மாதக்கணக்கில் தங்கி உயிர்பிழைத்த வைத்தியர் அவர்.

இதைக் கேட்டபோது நான் கன்டீன் கதிரையிலிருந்து எழும்பி நின்றுவிட்டேன். அண்ணை சிரித்தார். "இரு, தங்கச்சி. வைத்தியர் விலை பேசினார், தோட்டக்காரன் விடவில்லை. வைத்தியர் செத்தும் போனார். இன்னும் பல வருடம் கழித்துத்தான் விடுதலை கிடைத்தது. கிழவராகக் கப்பல் ஏறி ஆப்பிரிக்கக் கரையில் இறங்கினார். ஊருக்குப் போக வழி பார்த்திருந்த நேரத்தில் காய்ச்சல் வந்து அங்கேயே இறந்துபோனார். மலைநாட்டைக் காணவில்லை."

அன்று பின்னேரமே எழுதத் தொடங்கிவிட்டேன்.

நான் சனிக்கிழமைகளில் படிப்பித்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பொங்கலை ஒட்டிக் கலைவிழா நடக்கும். ஒவ்வொரு வருடமும் ஒரு சரித்திர நாடகம் உண்டு. பள்ளிக்கூடத் தலைவர் ஊரில் அதிபராக இருந்தவர், நல்ல மனிதர், வெள்ளை வேட்டிக்கு மேல் கம்பளிக் கோட்டுப் போடுகிறவர். என் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "ஏன் பிள்ளை, எங்கட சரித்திரத்தில ராசாக்கள் இல்லையோ?" என்றார்.

"இருக்கினம் ஐயா. ஆனா அவையளின்ர கதை எல்லாருக்கும் தெரியும். இதில அடுத்தது என்னெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அது அவரை அசைத்தது. ஒவ்வொரு வருடமும் நாடகத்தின் பாதியில் சனம் தேநீர் குடிக்க வெளியே போய்விடுவதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"சரி. ஆர் நடிக்கிறது? எங்கட பெடியன் ஒருத்தனுக்குக் கரி பூசலாமே?"

"வேண்டாம் ஐயா" என்றேன். அடுத்த வாக்கியம் எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்தது. "அதுக்கு ஆள் இருக்கு. தமிழும் தெரியும்."

அண்ணைக்குத் தெரிந்த தமிழ் அப்போது 'கெதியா', 'சூப்பர்வைசர் வாறார்', 'தேத்தண்ணி குடிச்சாச்சோ', பெண்கள் இருக்கும்போது சொல்லக்கூடாத இரண்டொரு சொல். அடுத்த நாள் பெல்ட்டில் நின்றபடி பயந்து பயந்து கேட்டேன். அவர் கையிலிருந்த கரண்டிப் பொட்டலம் அப்படியே நின்றது.

"முழு நாடகமும் தமிழிலா?"

"ஓம்."

"சபையில் இருப்பவர்கள் எல்லோரும் தமிழரா?"

"ஓம்."

"எங்கள் இளவரசரின் கதையை நாற்பது வருடம் அமெரிக்காக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார்கள், ஒன்றும் செய்யவில்லை" என்றார். "தமிழிலும் சொல்லிப் பார்ப்போம்."

ஞாயிறு மத்தியானங்களில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒத்திகை. சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டால் அதுதான் மிசிசிப்பி. அண்ணை தன் வசனங்களை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து, பஸ்ஸிலும் பெல்ட்டிலும் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினார். வெண்ணெய்க்கும் பனிஸுக்கும் இடையில் திடீரென்று, "என் குதிரைப்படை எங்கே?" என்று கம்பீரமாகக் கேட்பார். எதிரே நிற்கும் தமிழ்ப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சந்தையில் வரும் வைத்தியருக்கு, பக்கத்துத் தெருவில் இருந்த மலேசியத் தமிழர் ஒருவர் கிடைத்தார். கணக்காளர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். "கோட் என்கிட்ட இருக்கு, குதிரைதான் இல்ல. நடந்தே வர்றேன்" என்றார்.

தோட்டக்காரனாக நடிக்க ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் என் கணவரைப் பிடித்தேன்.

"எனக்கு ஏலாது. நான் ஒருத்தரையும் பேசினதில்லை" என்றார்.

"நடிப்புத்தானே."

"நடிப்பெண்டாலும் அண்ணையைப் போய் எப்பிடி?"

முதல் ஒத்திகையில் அவர், "போய்... நிலத்தைக் கொத்தும்" என்று மரியாதையாகச் சொன்னார். அண்ணை நிலத்தில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு எழும்பி வந்து அவர் தோளில் கை வைத்து, "தம்பி, நீ என்னைக் கேட்கிறாய். கேட்கக் கூடாது. நான் உன் மாடு. மாட்டிடம் யாரும் கேட்பதில்லை" என்றார். என் கணவரின் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. அந்தக் கிழமை முழுக்கக் குசினிக்குள் நின்று, தேங்காய்ப்பூப் பெட்டியைப் பார்த்துக் கத்திப் பழகினார். மூன்றாம் நாள் கீழ்வீட்டு ஆங்கிலக் கிழவி கதவைத் தட்டி, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மகளே, உனக்கு இங்கே ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டாள். பிறகு அவளுக்கும் ஒரு டிக்கெட் கொடுக்க வேண்டியதாயிற்று.

எழுத்தில் ஒரு இடத்தை அண்ணை வெட்டச் சொன்னார். கப்பல் காட்சியில் நான் பின்னணிக் குரலுக்கு, 'நாங்களும் இப்படித்தானே கடல் கடந்து வந்தோம்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கிய வரி. அதன் பொருளை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"தங்கச்சி, உன்னை யாராவது விற்றார்களா?"

"இல்லை."

"உன் பெயரை மாற்றினார்களா?"

"சூப்பர்வைசர் சுருக்கிவிட்டார்."

அவர் சிரித்தார். ஆனால் விடவில்லை. "உங்கள் துன்பம் பெரியது, எனக்குத் தெரியும். அதற்கு வேறு நாடகம் எழுது. இது அவருடையது." நான் பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினேன். வெட்டிய பிறகு காட்சி நன்றாக இருந்ததையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தோட்டக்காரனின் மனைவி வேடம் எனக்கு. காட்டிலிருந்து திரும்பிய இளவரசர் என் பாதத்தை எடுத்துத் தன் கழுத்தில் வைக்க வேண்டும். எழுதும்போது அது வெறும் எழுத்து. முன்னறையில் அண்ணை உண்மையிலேயே என் முன்னால் குப்புறப் படுத்து, என் குதிக்காலைப் பிடித்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, குனிந்து அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒருவர் மீது தெரியாமல் கால் பட்டாலே அப்படிச் செய்து வளர்ந்த கை, தானாகப் போய்விட்டது.

"அவள் அப்படிச் செய்திருக்க மாட்டாள்" என்றார் அண்ணை, படுத்தபடியே.

திரும்பச் செய்தோம். திரும்பவும் கை போனது. ஒவ்வொரு ஞாயிறும் போனது. "மேடையில வரேக்க சரிவரும்" என்று எல்லோருக்கும் சொன்னேன். எனக்கு நம்பிக்கை இல்லை.

விழா அன்று கிங்ஸ்பரிப் பள்ளிக்கூட மண்டபத்தில் நிற்க இடமில்லை. சிறுமிகளின் நடனம் முடிந்து, திருக்குறள் போட்டிப் பரிசு முடிந்து, திரை மூடியது. அண்ணை தன் ஊர் நீல அங்கியைப் போட்டு, என் வெள்ளை நூல் சேலை ஒன்றைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு நின்றார். என் கணவர் கலியாணக் கோட்டும் பழைய துணிக்கடையில் வாங்கிய தொப்பியும் அணிந்து, மூலையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பை நான் எவ்வளவு காலமாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது.

திரை திறந்தது. அண்ணை முன்னால் வந்து, "நான் மலைநாட்டு மன்னரின் மகன். என் குதிரைப்படை எங்கே?" என்றார்.

சிரிப்பும் கைதட்டலும் ஒன்றாக வெடித்தன. ஆப்பிரிக்கர் ஒருவர் வாயில் தூய தமிழ். பின்வரிசையில் விசிலடித்தார்கள். நான் மேடையோரப் பக்கத்தட்டிக்குப் பின்னால் நின்றேன். இதைப் பகிடி நாடகம் என்று நினைத்துவிட்டார்களே என்று பயந்தேன். அண்ணை அவசரப்படவில்லை. சிரிப்பு அடங்கும்வரை, தன் படைகளை எண்ணிப் பார்க்கிற தளபதி மாதிரி, சபையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்துக்கொண்டு நின்றார். முன்வரிசை முதலில் அடங்கியது.

பிறகு பிடித்தார்கள், விற்றார்கள், கப்பலேற்றினார்கள். என் கணவர் மேடைக்கு வந்தார். "உன்ர பேர் இனி இளவரசன். எடு மண்வெட்டியை" என்று அவர் போட்ட சத்தத்தில் முன்னால் இருந்த ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. தலைப்பாகை கழன்று விழுந்தது. கத்தரிக்கோல் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்தது என் காட்சி. நான் வாசலில் நிற்கிறேன். அண்ணை மேடையின் மறுமுனையிலிருந்து, தள்ளாடித் தள்ளாடி வந்து, என் முன்னால் படுத்தார். என் குதிக்காலைப் பிடித்துத் தூக்கிக் கழுத்தில் வைத்தார். நான் பாரம் கொடுக்காமல், தொட்டும் தொடாமலும் பிடித்திருந்தேன். அவர் அதை அறிந்து, என் பாதத்தின் மேல் தன் கையை வைத்து அழுத்தினார். அவருடைய கழுத்து நரம்பு என் உள்ளங்காலில் துடித்தது. சபையில் யாரோ ஒரு பெண், "ஐயோ, வேண்டாம் பிள்ளை" என்றாள். என் கை கீழே போகப் பார்த்தது. நான் அதை விடவில்லை. நிமிர்ந்து நின்று, தோட்டக்காரனின் மனைவி எப்படிப் பார்த்திருப்பாளோ அப்படி, தூரத்தில் எங்கோ பார்த்தேன். எழுதிய வசனம் ஒன்று இருந்தது, அதைச் சொல்லவில்லை. அந்த மண்டபத்தில் அப்போது சொல் எதுவும் தேவைப்படவில்லை.

சந்தைக் காட்சியில் மலேசியக் கணக்காளர் அண்ணையின் முகத்தை உற்றுப் பார்த்து, "உங்கள் தகப்பன் வீட்டில் நான் சோறு தின்றிருக்கிறேன்" என்றபோது மண்டபமே எழும்பி நின்றுவிட்டது. கன்டீனில் நான் எழும்பியதும் கதையின் இதே இடத்தில்தான்.

கடைசிக் காட்சியில் இளவரசர் கிழவராக ஆப்பிரிக்கக் கரையில் நிற்கிறார். காய்ச்சல். "என் ஊர் எந்தப் பக்கம்?" என்று கேட்க வேண்டும். பதில் இல்லாமல் திரை விழ வேண்டும். அண்ணை சபையைப் பார்த்துக் கேட்டார். திரை இழுக்கிறவர் கயிற்றில் கை வைத்த நேரம், நடுவரிசையில் ஒரு வயதானவர் எழும்பிக் கையை நீட்டினார்.

"அந்தப் பக்கம் ராசா. மலைக்கு அங்கால."

அண்ணை அந்தக் கை காட்டிய பக்கம் திரும்பினார். அது மண்டபத்தின் வெளிவாசல், அதற்கு அப்பால் கார் நிறுத்துமிடம். அவர் அங்கேயே பார்த்தபடி மெதுவாக முழந்தாளிட்டு, "நன்றி ஐயா" என்றார். அது நான் எழுதிய வசனம் அல்ல. திரை விழுந்த பிறகும் கைதட்டல் நிற்கவில்லை.

தலைவர் மேடைக்குப் பின்னால் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "பிள்ளை, ஒருத்தரும் தேத்தண்ணிக்குப் போகேல்லை" என்றார். பிறகு அண்ணையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல முயன்று, வராமல், "நல்லாச் செய்தீங்கள், நல்லாச் செய்தீங்கள்" என்று தமிழிலேயே சொன்னார்.

"தேத்தண்ணி குடிச்சாச்சோ?" என்று கேட்டார் அண்ணை.

ஒரு மாதம் கழித்து நோர்பரியில் ஒரு தேவாலய மண்டபத்தில் திரும்பப் போட்டோம். இந்த முறை அண்ணையின் மனைவியும் அவர்களுடைய சினேகிதக் குடும்பங்களும் வந்து ஒரு பக்கம் முழுவதும் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கதை தெரியும். எங்கள் சனத்துக்குத் தமிழ் தெரியும். தோட்டக்காரன் மேடைக்கு வந்ததும் ஆப்பிரிக்கப் பக்கம் உரத்து ஊளையிட்டது. எங்கள் சனம் முதலில் திடுக்கிட்டு, பிறகு தாங்களும் சேர்ந்துகொண்டது. என் கணவர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மண்டபம் முழுவதும் தன்னை வெறுக்கிற சந்தோஷத்தில், மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஆட்டினார்.

முடிந்ததும் அண்ணையின் மனைவி மேடைக்குப் பின்னால் வந்தாள். பருமனான, கம்பீரமான பெண். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் புருஷனின் கழுத்தில் கால் வைத்தவள் நீதானா?"

நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"எத்தனை வருடமாக எனக்கும் ஆசை" என்றாள். "எப்படி அவரைப் படுக்க வைத்தாய் என்று சொல்."

அண்ணை தமிழில், "கெதியா, கெதியா, போவம்" என்றார். அவள் அதைக் கவனிக்கவில்லை. என் கணவரைக் கூப்பிட்டு, "நீ பொல்லாதவன், ஆனால் களைத்திருக்கிறாய்" என்று சொல்லி, பெரிய அலுமினியப் பெட்டியில் சிவப்புச் சோறும் கோழியும் கொடுத்தாள். ரயிலில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவர் அதைத் திறந்தார். நானும் அவரும் கையாலேயே சாப்பிட்டோம். நல்ல உறைப்பு. எதிர் ஆசனத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. அடுத்தது ரெய்னர்ஸ் லேனில் போடக் கேட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன்.

"தோட்டக்காரனுக்கு இன்னும் ரெண்டு வசனம் எழுதும்" என்றார் அவர், வாய் நிறையச் சோற்றோடு.